கற்றலும் புலன்களும்: கண்ணா, செவியா, கையா?

‘கேட்டால் மனத்தில் நிற்கிறது, படித்தால் நிற்பதில்லை’ என்று கூறும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் உளர். ‘ஒருமுறை எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் பதியும்’ என்பார் மற்றொருவர். ‘பக்கத்தின் எந்த மூலையில் அந்த வரி இருந்தது என்பது வரை கண்முன் தெரிகிறது, ஆனால் ஆசிரியர் சொன்னது நினைவில் இல்லை’ என்பார் இன்னொருவர். ஒரே பாடத்தை, ஒரே ஆசிரியரிடம், ஒரே நாளில் கற்கும் இம்மூவரிடையே இவ்வேறுபாடு ஏன்? ஒவ்வொருவர்க்கும் கல்வி நுழையும் வாயில் தனித்தனியே அமைந்துள்ளதா? அமைந்திருப்பின் அதனைக் கண்டறிவது எவ்வாறு? கண்டறிந்தபின் அதனைக் கொண்டு யாது செய்வது? இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவன்று. ஒரு பிள்ளை மேற்கொண்டு படிப்பதா, படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கோ கடலுக்கோ செல்வதா என்பது பல இல்லங்களில் இவ்வினாவிற்குக் கூறப்படும் விடையைப் பொறுத்தே முடிவாகிறது. ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்ற ஒரு சொல்லே ஒரு வாழ்வின் திசையை மாற்றிவிடக் காண்கிறோம். ஆகவே, இதனைச் சற்று நிதானமாக ஆராய்தல் நம் கடமையாகும்.

அறிவின் படிநிலைகள்

புலன்களைக் கொண்டு அறிவை வகைப்படுத்துவது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாகப் பகுத்துரைக்கிறது. மெய், வாய், மூக்கு, கண், செவி, மனம் என்பன அங்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஈண்டு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. மேற்படியில் நிற்கும் உயிர், கீழ்ப்படியில் உள்ள புலன்களை இழப்பதில்லை. அவற்றையும் உடன்கொண்டே மேலேறுகிறது. மாந்தனுக்குரிய ஆறாம் அறிவாகிய மனம், ஐந்து புலன்களும் கொண்டுவரும் செய்திகளை ஒன்றுசேர்க்கும் இடமாக நிற்கிறது.

திருக்குறள் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் 42ஆம் அதிகாரத்தை வைத்துள்ளது. எழுத்தறியும் வாய்ப்பில்லாதார்க்கும் செவிவழி அறிவு உண்டு என்பதனை இவ்வைப்புமுறை உணர்த்துகிறது எனலாம். திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயத்து 78ஆம் வசனம், ஏதுமறியா நிலையில் பிறக்கும் மனிதனுக்குச் செவியும் பார்வையும் இதயமும் அருளப்பட்டதை நினைவூட்டுகிறது. அங்கும் புலன்களோடு உள்ளமும் சேர்த்தே கூறப்படுதல் கருதத்தக்கது. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை எனப் பிரித்து அன்னம், கிளி, இல்லிக்குடம் முதலியவற்றை உவமையாக்குகிறது. அப்பகுப்பு, கற்றதை எவ்வாறு கொள்கிறார், எவ்வாறு காக்கிறார் என்பதைப் பற்றியது. கண்ணால் கற்பவர், செவியால் கற்பவர் என்று மாணாக்கரைப் பிரிக்கும் வழக்கம் நம் இலக்கணத்தில் இல்லை. அது மேலைநாட்டு உளவியலின் வழி வந்ததாகும்.

மேலைநாட்டார் கண்ட வகைகள்

இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்ட்டன் 1880இல் ஒரு புதுமையான வினாத்தொகுப்பை வெளியிட்டார். அன்று காலை உணவருந்திய மேசையை மனக்கண்முன் கொண்டுவருமாறு பலரையும் கேட்டார். சிலர்க்கு வண்ணத்தோடும் வடிவத்தோடும் அக்காட்சி தோன்றியது. வேறு சிலர்க்கு, அவருள் அறிவியலறிஞர் சிலர்க்கும், காட்சி எதுவும் தோன்றவில்லை. மனத்தின் உள்ளமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வெண்ணம் கல்வித்துறைக்குள் புகுந்தது. நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் பிளெமிங்கும் கொலீன் மில்சும் 1992இல் ‘வார்க்’ என்னும் பகுப்பை வெளியிட்டனர். காண்டல், கேட்டல், படித்தெழுதல், செய்தல் என்னும் நால்வகை விருப்பங்கள் அதன்கண் கூறப்படுகின்றன. படமும் வரைபடமும் நாடுவோர் முதல் வகையினர். விளக்கவுரையும் உரையாடலும் நாடுவோர் இரண்டாம் வகையினர். நூலும் குறிப்பேடும் நாடுவோர் மூன்றாம் வகையினர். தொட்டும் இயக்கியும் செய்துபார்த்தும் அறிய விழைவோர் நான்காம் வகையினர். பலரும் ஒன்றுக்கு மேற்பட்ட விருப்பங்கள் உடையவராயிருத்தலும் உண்டு. மாணவர் தம் கற்கும் முறையைப் பற்றித் தாமே சிந்திக்கத் தூண்டுவதையே அவ்விருவரும் தம் நோக்கமாகக் கூறினர். பின்வந்தோர் அதனை மாணவரைத் தரம்பிரிக்கும் அளவுகோலாக்கிவிட்டனர்.

தன் விருப்பத்தைத் தான் அறிதல்

ஒருவர் தம் புலன் விருப்பத்தை அறிந்துகொள்ள எளிய வினாக்கள் சிலவே போதும். தூத்துக்குடியிலிருந்து கொற்கைக்கு வழி கேட்கிறீர்கள் எனக் கொள்வோம். எவரேனும் வரைபடம் போட்டுத் தந்தால் மனம் நிறைவடைகிறதா? ‘ஏரலுக்குச் செல்லும் சாலையில் போய், இன்ன இடத்தில் திரும்ப வேண்டும்’ என்று வாயால் சொன்னால் போதுமா? ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதிக்கொள்ள விழைகிறீர்களா? ‘ஒருமுறை போய்வந்தால் தெரிந்துவிடும்’ என்று புறப்பட்டுவிடுகிறீர்களா? இவ்வாறே புதிய கருவி ஒன்று கைக்கு வந்தால் முதலில் செய்வது யாது, ஒரு பெயரை மறந்தபோது முதலில் நினைவிற்கு வருவது முகமா ஒலியா எழுத்தா என்றெல்லாம் பத்துப் பதினைந்து வினாக்களைத் தம்மிடமே கேட்டு விடைகளைக் குறித்து வந்தால், எப்பக்கம் சாய்கிறோம் என்பது விளங்கிவிடும்.

ஆயினும், இவ்வாறு அறியப்படுவது விருப்பமே, திறன் அன்று. இனிப்பை விரும்புவதால் இனிப்பே உடலுக்கு உகந்தது என்று ஆகிவிடாது. எவ்வழியில் கற்றால் உண்மையில் மிகுதியாக நிற்கிறது என்பதை அறியச் சிறு சோதனை ஒன்றை எவரும் செய்துபார்க்கலாம். ஏறக்குறைய ஒரே அளவும் கடினமும் உடைய மூன்று பாடப்பகுதிகளைத் தேர்ந்துகொள்க. ஒன்றை வாய்விடாமல் படிக்க. மற்றொன்றை நண்பர் படிக்கக் கேட்க. மூன்றாவதைப் படமாக வரைந்தோ கட்டமிட்டு எழுதியோ கற்க. மூன்றுக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்குக. ஒரு வாரம் கழித்து, இடையே மீண்டும் பார்க்காமல், ஒவ்வொன்றிலும் பத்து வினாக்களுக்கு விடையெழுதுக. வினாக்களை நண்பரே ஆக்குதல் நன்று. அடுத்த முறை பகுதிகளையும் வழிகளையும் மாற்றி அமைத்து இதனையே செய்க. நான்கைந்து முறை செய்தபின் கிடைக்கும் மதிப்பெண்களே சான்றாகும். ‘நான் கேட்டே கற்பவன்’ என்று உறுதியாக நம்பியோர் பலர், படித்ததிலும் கேட்டதிலும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் பெற்று வியப்படைதல் கூடும்.

ஆய்வுகள் கூறுவது

இத்தகைய சோதனை பேரளவிலும் நிகழ்ந்துள்ளது. பிராங்க் காஃபீல்டு தலைமையில் இங்கிலாந்து அறிஞர்கள் 2004இல் வெளியிட்ட அறிக்கை, கற்றல் பாணி பற்றி 71 வகைக் கோட்பாடுகள் உலவுவதைக் கண்டு, அவற்றுள் 13ஐ விரிவாக ஆராய்ந்தது. பலவற்றின் அடித்தளம் நொய்ம்மையானது என்று அது காட்டியது.

2008இல் ஹெரால்டு பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியார்க் ஆகிய அமெரிக்க உளவியலறிஞர் நால்வர், இக்கொள்கையை மெய்ப்பிக்க எத்தகைய சான்று வேண்டும் என்பதை வரையறுத்தனர். மாணவரை வகைவகையாகப் பிரித்தல் வேண்டும்; ஒவ்வொரு வகையினருள்ளும் சிலர்க்குத் தம் வகைக்குரிய முறையிலும், சிலர்க்கு வேறு முறையிலும் கற்பித்தல் வேண்டும்; எல்லார்க்கும் ஒரே தேர்வு வைத்தல் வேண்டும்; தம் வகைக்குரிய முறையில் கற்றவரே மிகுதியும் வெல்லுதல் வேண்டும். இவ்வாறு முறைப்படி நடத்தப்பட்ட ஆய்வுகள் மிகச் சிலவே என்பதையும், அவற்றுள்ளும் சில இக்கொள்கைக்கு மாறான முடிவையே தந்தன என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

பெத் ரொகௌஸ்கி குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பதை விரும்புவோர் கேட்டபோதோ, படிப்பதை விரும்புவோர் படித்தபோதோ தனிச்சிறப்பு எதனையும் அடையவில்லை. அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் மாணவரிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வும், தம் விருப்ப முறையை ஒட்டிப் படித்தோர் ஏனையோரைவிட மிகுந்த மதிப்பெண் பெறவில்லை என்றே கூறியது.

ஆக, விருப்பம் உண்டு என்பது மெய். அவ்விருப்பத்திற்கு ஏற்பக் கற்பித்தால் அறிவு பெருகும் என்பதற்கோ தக்க சான்றில்லை. இஃது ஏன் என்று கேட்பார்க்கு, விடையைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. நம் கொற்கைக் கடற்கரையே அதனைக் கூறும்.

கொற்கை தரும் விடை

பாண்டியரின் துறைமுகமாகத் திகழ்ந்த கொற்கை, இன்று தாமிரபரணியின் வண்டலால் கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் சிற்றூர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளுஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், ‘கொல்கி’ எனப் பெயரிட்டு இவ்விடத்து முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. பிற்காலத்தே இத்தொழில் தூத்துக்குடியை நடுவாகக் கொண்டு நடந்தது. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நிகழ்ந்த முத்துக்குளிப்பே இங்கு நிகழ்ந்த இறுதித் தொடராகும். பரதவரும் முஸ்லிம்களும் இத்தொழிலின் பல படிகளில் ஈடுபட்டிருந்தனர்.

ஒரே தொழிலாகத் தோன்றும் முத்துக்குளிப்பில் எத்தனை புலன்கள் வேலை செய்தன என்பதை எண்ணிப் பார்ப்போம். குளிப்பவர் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக் கடலடியை அடைவார். ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சிற்குள் கண்ணால் பாரைத் தேடி, கையால் சிப்பிகளைத் தடவிப் பறித்துப் பையில் இடுவார். நீர் கலங்கிவிட்டால் கையே கண்ணாகும். படகில் கயிறு பிடித்து நிற்பவர் கீழே நடப்பதைக் காண முடியாது, கூப்பிட்டாலும் கேளாது. கயிற்றின் இழுப்பை உள்ளங்கையால் உணர்ந்தே, எப்போது தூக்க வேண்டும் என்பதை அவர் அறிந்தாக வேண்டும். தவறினால் ஓர் உயிர் போகும். ‘நான் காட்சிவழிக் கற்பவன், கயிற்றின் மொழி எனக்குப் பிடிபடாது’ என்று சொல்ல அங்கே இடமில்லை.

கரைக்கு வந்த முத்துகளைத் தரம்பிரிக்கும்போது வேறொரு நிலை. அளவு பிரிக்க, வெவ்வேறு எண்ணிக்கையில் துளையிட்ட பத்துப் பித்தளைச் சல்லடைத் தட்டுகள் பயன்பட்டன. இருபது துளையுள்ள தட்டில் தங்குவது பெருமுத்து. ஆயிரம் துளையுள்ள தட்டில் தங்குவது மிகச் சிறியது. இவ்வேலைக்குக் கண் வேண்டுவதில்லை, கையசைவே போதும். அதன்பின் ஒவ்வோர் அளவிலும் உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி, அனதாரி, மசகு, கலிப்பு, குறுவல் எனப் பிரிக்க வேண்டும். இதற்குக் கண்ணே துணை. இறுதியில் மஞ்சாடி நிறை கொண்டு விலை கணிக்கும்போது கண்ணும் கையும் ஒதுங்க, மனக்கணக்கே முன்னிற்கும். சல்லடை செய்யும் வேலையைக் கண் செய்யாது. கண் செய்யும் வேலையைச் சல்லடை செய்யாது. நல்ல முத்து வணிகர் என்பார், எவ்விடத்தில் எதனை நம்ப வேண்டும் என்பதை அறிந்தவரே.

1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்திய முத்துச்சிப்பியில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினர். சிப்பியின் உடலைக் கீறி, உருண்டையான கருமணி ஒன்றையும் மற்றொரு சிப்பியின் மென்தோல் துண்டையும் உள்ளே வைக்கும் நுண்ணிய அறுவை அது. அதன் காரணத்தை நூலில் படித்து விளங்கிக்கொள்ளலாம். அதைச் செய்யும் திறனைச் சிப்பியைக் கையில் எடுத்தே பெற வேண்டும். ஒரே மனிதர்க்கே காரணம் ஒரு புலன்வழியும் திறன் மற்றொரு புலன்வழியும் வந்து சேர்கின்றன.

இதனால் பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. எப்புலனால் கற்பது என்பதைக் கற்பவரின் விருப்பத்தைவிடக் கற்கப்படும் பொருளே பெரிதும் தீர்மானிக்கிறது. நிலவரைவியல் வரைபடத்தை நாடுகிறது. செய்யுளின் ஓசை செவியை நாடுகிறது. வேதியியல் கையை நாடுகிறது. காட்சியை விரும்புபவர் வெண்பாவின் தளையைக் கட்டமிட்டுக் கற்கலாம்; ஆயினும், ஓசையைச் செவியில் வாங்காதவரை அவர் வெண்பாவை அறிந்தவராகார்.

மனனக் கல்வியில் புலன்களின் கூட்டு

செவிவழிக் கல்விக்குத் தலைசிறந்த சான்றாக நம் சமுதாயத்தில் எல்லாரும் காட்டுவது ஹிப்ழுக் கல்வியாகும். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் சிறுவர்கள் 30 ஜுஸ்வுகளையும் முழுமையாக மனனம் செய்து ஹாபிழ்களாகத் திகழ்கின்றனர். இதனைச் செவியின் வெற்றி என்று மட்டும் கருதுதல் குறைபட்ட பார்வையாகும். மாணவர் முதலில் உஸ்தாதின் ஓதலைக் கேட்கிறார், செவி தொழிற்படுகிறது. பின் நாவும் இதழும் தொண்டையும் ஒவ்வோர் எழுத்தின் பிறப்பிடத்தையும் உணரும்படி தாமே ஓதுகிறார், மெய் தொழிற்படுகிறது. மனனம் செய்யத் தொடங்கிய குர்ஆன் பிரதியை இடையில் மாற்றலாகாது என்று ஆசிரியர் வற்புறுத்துவர். ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடு முடியும்படி அச்சிட்ட 15 வரிப் பதிப்புகள் இதன் பொருட்டே விரும்பப்படுகின்றன. வசனம் பக்கத்தில் நிற்கும் இடத்தைக் கண் பதிவு செய்துகொள்கிறது.

அதனினும் முதன்மையானது, அன்றாடம் பிரதியை மூடிவைத்து ஆசிரியரிடம் ஒப்பிப்பதும், பழைய பாடத்தை முறைவைத்து மீண்டும் மீண்டும் ஓதிக்காட்டுவதும் ஆகும். இம்முறையின் வலிமையை உளவியலும் உறுதி செய்துள்ளது. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தோர் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, நூலை மூடி நினைவுகூர்ந்து பழகியோரே முந்தினர். காண்டல் கேட்டல் எனும் வேறுபாட்டைக் காட்டிலும், மூடிவைத்து நினைவுகூர்தல் என்னும் பழக்கமே கல்வியை நிலைக்கச் செய்கிறது என்பது இதனால் விளங்கும்.

நம் பழைய திண்ணைப் பள்ளிகளும் இக்கூட்டு முறையையே கையாண்டன. சிறுவன் மணலில் விரலால் எழுத்தை வரைவான். வரையும்போதே அதனை உரக்கச் சொல்வான். வரைந்ததைக் கண்ணால் காண்பான். கை, வாய், செவி, கண் ஆகிய நான்கும் ஒரே எழுத்தின்மேல் ஒரே வேளையில் குவியும். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளி ஒன்றில் இவ்வாறு சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து இதனை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட, அது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்றுப் பிற நாடுகளிலும் பரவிற்று. 1939இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவி ஒலிக்கச் செய்த முறையும் இதனோடு ஒத்ததே.

நூறு செய்திகளை ஏற்ற மனம்

‘ஒரு புலனே எனக்கு வாய்த்தது’ என்பார்க்கு மறுமொழியாக நிற்கும் பெருமகனார் சதாவதானி கா.ப. செய்குத்தம்பிப் பாவலர். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874இல் பிறந்து 1950இல் மறைந்த இவர், 1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் கூட்டத்தின் முன்னே சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். அவதானம் என்பது பல திறத்துச் செய்திகளை ஒரே அமர்வில் வாங்கி, ஒன்றையும் விடாமல் மறுமொழி கூறும் கலை. ஒருவர் வெண்பாவிற்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் சதுரங்கக் காய் நகர்த்துவார். ஒருபுறம் மணி ஒலிக்கும். முதுகில் சிறு கற்கள் வந்து விழும். ஒலித்த மணி எத்தனை, விழுந்த கல் எத்தனை என்பதை இறுதியில் கூற வேண்டும். செவிக்கு மணி, மெய்க்குக் கல், கண்ணிற்குச் சதுரங்கம், மனத்திற்குச் செய்யுளும் கணக்கும் எனப் புலன்கள் அனைத்தும் ஒருங்கே பணிபுரியும் கலை இது. பாவலரை எவ்வகையில் அடக்குவது? பயிற்சி மிக்க இடத்தில் வகைப்பாடுகள் உதிர்ந்துவிடுகின்றன என்பதற்கு இவரைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வாயில் ஒன்று அடைபட்ட இடத்தும்

விருப்பம் வேறு, தேவை வேறு. ஒரு புலன் உண்மையிலேயே அடைபட்டிருப்போர்க்குப் பிற புலன்வழிக் கல்வி உயிர்நிலையாகும். பாளையங்கோட்டையில் 1890இல் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கெனப் பள்ளி தொடங்கினார். அக்காலப் பகுதியிலேயே புளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் அதே ஊரில் செவிப்புலன் இழந்தோர்க்குக் கல்வி அளிக்க முனைந்தார். ஒரு பள்ளியில் விரல் நுனி எழுத்தைப் படித்தது. மற்றொரு பள்ளியில் கண் பேச்சைப் படித்தது. 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த பாரதி பிரெயில், தமிழையும் ஆறு புள்ளிகளுக்குள் கொண்டுவந்தது. ஒரு வாயில் அடைபட்டால் மற்றொரு வாயிலைத் திறந்துகொள்ளும் ஆற்றல் மனத்திற்கு உண்டு என்பதை இப்பள்ளிகள் உணர்த்துகின்றன. எல்லாப் புலன்களும் நலமாயுள்ள மாணவர், ஒன்றை மட்டும் திறந்துவைத்துப் பிறவற்றைத் தாமே அடைத்துக்கொள்வது எத்துணைப் பேரிழப்பு!

பழைய தீர்ப்பும் புதிய பெயரும்

இனி இக்கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய கவலைக்கு வருவோம். ‘இவனுக்குப் படிப்பு ஏறாது, கைவேலைதான் வரும்’ என்று முன்னாளில் கூறினர். ‘இவன் செய்து கற்கும் வகை, நூற்கல்வி இவனுக்கு ஒத்துவராது’ என்று இந்நாளில் கூறுகின்றனர். சொல் மாறியதே தவிரத் தீர்ப்பு மாறவில்லை. உளவியல் பெயர் சூட்டப்பட்டதால் பெற்றோர் அதனை எதிர்த்துக் கேட்கவும் அஞ்சுகின்றனர். ‘நான் கேட்டுக் கற்பவன்’ என்று நம்பிவிட்ட மாணவரும் நூலைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்.

இதனினும் கொடியது, விரல்ரேகையைப் பதிவு செய்து பிள்ளையின் கற்றல் வகையையும் ஏற்ற படிப்பையும் சொல்லிவிடுவதாகக் கூறிப் பெரும் பணம் பறிக்கும் வணிகம். பல ஊர்களில் பள்ளிகள் வழியாகவே இது பரவியுள்ளது. இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் எச்சரித்துள்ளது. விரல்ரேகை தாயின் கருவிலேயே அமைந்து முடிவது. கல்வியோ பிறந்தபின் முயற்சியால் வளர்வது. கருவில் அமைந்த கோட்டைக் கொண்டு கல்வியின் எல்லையைக் குறிப்பது, கைரேகை சோதிடத்தின் மறுபிறப்பேயன்றி வேறன்று.

‘படிக்க வரவில்லை’ என்னும் பிள்ளைக்கு வகை காணுமுன் செய்ய வேண்டுவன வேறு சில. முதலில் கண்ணைச் சோதித்தல் வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளை, ஆசிரியர் சொல்வதைக் கேட்டே காலம் கழிக்கும். அதனைச் செவிவழிக் கற்பவன் என்று நாம் பெயரிட்டுவிடுவோம். பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து விலையின்றிக் கண்ணாடி வழங்கும் கண்ணொளி காப்போம் திட்டம் தமிழகத்தில் 2009இல் தொடங்கப்பட்டதன் தேவை இதுவே. அடுத்துச் செவி, காதில் சீழ்வடியும் பிள்ளைக்குக் கேட்கும் திறன் குறைந்திருத்தல் கூடும். அடுத்து, எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் பிறவியிலேயே இடர்ப்படும் டிஸ்லெக்சியா என்னும் குறை. இவற்றைப் பாராமல் வகை காண்பது, நோயறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

நம் கடற்கரை ஊர்களில் அரபுத்தமிழ் வழங்கிய வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. தமிழ் எழுத்தறியாத பெண்மணிகள் பலர், அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழைச் சரளமாகப் படித்து மார்க்க அறிவு பெற்றனர். தமிழ் ஏட்டை நீட்டிச் சோதித்திருந்தால் அவர்களைப் படிப்பறியாதவர் என்றே நாம் கணக்கிட்டிருப்போம். அவர்கள்பால் குறை இல்லை. நாம் நீட்டிய ஏட்டிலேயே குறை இருந்திருக்கும்.

செய்யத்தக்கன

மாணவர் தம் விருப்பத்தை அறிந்துகொள்வது நன்றே. கடினமான பாடத்தைத் தொடங்கும்போது விருப்பமான வழியில் தொடங்கலாம். அது தயக்கத்தைப் போக்கும். ஆனால் அங்கேயே நின்றுவிடலாகாது. கேட்டதை எழுதிப் பார்த்தல், எழுதியதைப் படமாக்குதல், படத்தை மூடிவைத்துப் பிறர்க்கு எடுத்துரைத்தல் என ஒரு பாடத்தைப் பல வாயில்கள் வழியே கொண்டுசென்றால் அது மனத்தில் வேரூன்றும். சொல்லும் படமும் சேரும்போது நினைவு வலுப்பெறும் என்பது ஆலன் பைவியோ 1971இல் விளக்கிய கொள்கையாகும்.

ஆசிரியர், மாணவர்க்கு வகை வகுப்பதைவிடப் பாடத்திற்கு எவ்வழி பொருந்தும் என்று ஆராய்தல் வேண்டும். புறநானூற்றைக் கற்பிக்கும்போது ஓசையோடு படித்துக் காட்டுதலும், இடங்களை வரைபடத்தில் காட்டுதலும், வாய்ப்பிருப்பின் கொற்கை போன்ற ஊர்களுக்கே அழைத்துச் சென்று அகழ்ந்த மண்ணைக் காட்டுதலும் எல்லா மாணவர்க்கும் பயன்தரும். வகுப்பின் இறுதியில் ஐந்து நிமிடம் நூலை மூடிவைத்து நினைவுகூரச் செய்தலும் பெரும்பயன் விளைக்கும்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தும் முடிவு எடுக்கப்படும் வேளையில், ‘வேறு எவ்வழியில் கற்பித்துப் பார்த்தீர்கள்?’ என்ற ஒரு வினாவைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேளுங்கள். கண்ணையும் செவியையும் சோதித்தீர்களா என்று கேளுங்கள். இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்வரை முடிவைத் தள்ளிவையுங்கள். ஜமாஅத்தில் அமர்ந்து இவ்வினாவைக் கேட்கும் ஒரு பெரியவர், ஓர் ஊரின் பள்ளி செய்யும் பணியில் பாதியைத் தாமே செய்தவராவார்.

தொல்காப்பியர் ஐம்புலன்களின் மேலே மனத்தை வைத்தார். கண்ணும் செவியும் கையும் கொண்டுவருவனவற்றை ஏற்று வளர்வது அம்மனமே. எவ்வாயில் பெரிது என்று வழக்காடிக்கொண்டிருப்பதைவிட, எல்லா வாயில்களையும் திறந்துவைத்து மனத்தை வளரவிடுவதே கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் உரிய நெறியாகும்.